ஆசிரியர் மனநலம்: மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் சம்பளம்

2021 நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கும் பள்ளி திறந்தார்கள். 2020 மார்ச் நடுவில் மூடிய கதவு. ஏறத்தாழ 20 மாதம் கழித்துத் திறந்தது. வாசலில் தோரணம் கட்டி, பிள்ளைகளுக்குப் பூவும் மிட்டாயும் கொடுத்து ஆசிரியர்கள் வரவேற்ற படங்களை நாமும் பகிர்ந்தோம். பிள்ளைகள் என்ன இழந்தார்கள் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். பூ கொடுத்த அந்த ஆசிரியர்கள் இந்த 20 மாதத்தை எப்படிக் கடந்து வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

நாங்கள் விழுப்புரம், கடலூர் பகுதிக் காலனிகளில் களப்பணி செய்கிறவர்கள். ஊரடங்கில் அரிசி, பருப்பு கொண்டுபோனபோதும், அதன்பின் மாலை வகுப்புகளுக்காகப் போனபோதும் பல ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேச நேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் நம் தெருக்காரர்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அந்தப் பேச்சிலிருந்து எங்களுக்கு ஒன்று தெளிவானது. கொரோனா காலத்து ஆசிரியர் மனநலம் என்று ஒற்றைப் பிரச்சினை ஒன்று கிடையாது. வேலை உத்தரவு எப்படிப்பட்டது, வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மனம் உடைந்தது. ஆகவே அதற்கான வைத்தியத்தையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏரிக்கரையில் ஒரு டீச்சர்

ஓர் அக்கா. எம்.ஏ., பி.எட். தனியார் பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டு வேலை. கடைசியாக வாங்கிய சம்பளம் 6,500 ரூபாய். 2020 ஏப்ரலில் சம்பளம் வரவில்லை. மே மாதம் கேட்டபோது, “பீஸ் வரலம்மா, வந்தா தர்றோம்” என்றார்கள். ஜூனில் ஆன்லைன் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். செல்போன் அவருடையது, நெட் ரீசார்ஜ் அவருடையது, சம்பளம் மட்டும் ‘பிறகு’. பாதிச் சம்பளம் இரண்டு மாதம் வந்து அதுவும் நின்றது.

மாமியாரின் நூறு நாள் வேலை அட்டையில் இவர் பெயரும் இருந்தது. ஏரி வேலைக்குப் போனார். அப்போது அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 256 ரூபாய். கையில் வந்தது அதைவிடக் குறைவு. வேலை அவருக்குப் புதிதல்ல. சின்ன வயதில் அம்மாவோடு நாற்று நட்டவர்தான். அங்கே வந்த ஊர்த்தெரு அம்மா ஒருவர், “என்னா டீச்சரு, கடைசில நீயும் மண்ணுக்குத்தான் வந்தியா?” என்று சிரித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. “மண்ணு சுமக்கறது கஷ்டமில்ல தம்பி. எங்கம்மா என்னைப் படிக்க வெச்சதே அந்த வார்த்தையைக் கேக்கக்கூடாதுன்னுதான்” என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போனது. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று முறை போனார். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள். “மனசுல என்ன?” என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நம் பெண்களின் மனவேதனை பெரும்பாலும் தலைவலியாகவும் முதுகுவலியாகவும்தான் மருத்துவமனைக்குப் போகிறது.

இது ஒருவர் கதை மட்டுமாக இருந்தால் கட்டுரை தேவையில்லை. தனியார் பள்ளி ஆசிரியர்கள் ஊரடங்கில் காய்கறி விற்றார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள், ஜவுளிக்கடையில் நின்றார்கள் என்று செய்தித்தாள்கள் மாதக்கணக்கில் எழுதின. ‘தன்னம்பிக்கை ஆசிரியர்’ என்று தலைப்பு வேறு. உழைத்தவருக்குக் கூலி கொடுக்காததைத் தன்னம்பிக்கைக் கதையாக மாற்றுவது நம் ஊடகங்களுக்குக் கைவந்த கலை.

2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் 75 விழுக்காடு கட்டணத்தைத் தவணையில் வசூலிக்கலாம், முதல் தவணை 40 விழுக்காடு என்று அனுமதித்தது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அந்த வழக்கில் பள்ளிகள் தரப்பு எடுத்துவைத்த முக்கியமான காரணம். கட்டணம் வசூலானது. சம்பளம் போனதா என்று யார் கணக்குப் பார்த்தார்கள்? 2021 ஏப்ரலில் தெலங்கானா அரசு, தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அறிவித்தது. போதுமான உதவி என்று சொல்ல மாட்டோம். ஆனால் இவர்களும் ஆசிரியர்கள்தான், இவர்களுக்கும் பசிக்கும் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலே மனதுக்கு ஒரு மருந்து.

முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாதவர்கள்

சம்பளம் நின்றபோது எல்லா ஆசிரியர்களும் ஒரே உயரத்திலிருந்து விழவில்லை. அப்பாவின் நிலம், மாமனார் வீட்டு மாடி வாடகை, அடகு வைக்க நகை என்று சிலருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தது. நம் தெருவிலிருந்து போன முதல் தலைமுறை ஆசிரியருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அவரே எல்லோருக்கும் பிடிமானம். தம்பியின் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் சர்க்கரை மாத்திரை, அக்கா மகளின் சடங்குச் செலவு எல்லாம் அந்த ஒரு சம்பளத்தில்தான்.

கூடவே குழுக்கடன். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்த ஆறு மாதத்திலும் குழுக்கடன் வசூலுக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆன்லைன் வகுப்பில் டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வெளியே தவணைக்காரர் குரல். மைக்கை அணைத்துவிட்டுப் பதில் சொல்லி, மீண்டும் மைக்கைப் போட்டுச் சிரித்த முகத்தோடு “எங்க விட்டோம் பசங்களா?” என்று கேட்க வேண்டும். அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட், விமானப் பணிப்பெண்களை ஆய்வு செய்து 1983-இல் எழுதிய நூலில் இதை ‘உணர்வு உழைப்பு’ என்று விளக்கினார். உள்ளே எது எரிந்தாலும் வெளியே சிரிப்பதும் வேலையின் ஒரு பகுதி. விமான நிறுவனமாவது அந்தச் சிரிப்புக்குச் சம்பளம் கொடுத்தது.

அரசுப் பள்ளியிலும் இப்படி ஓர் அடுக்கு இருக்கிறது. ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். ஒன்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, தேர்தலுக்கு முன்பு 2021 பிப்ரவரியில்தான் அது 7,700-லிருந்து 10,000 ஆனது. மே மாதம் மட்டும் அவர்களுக்குச் சம்பளம் இருக்கவில்லை. மே மாதம் வயிறு மட்டும் விடுமுறை எடுத்துக்கொள்ளுமா?

வேலைக்கே போகாதவர்களின் நிலை இன்னும் கொடிது. 2013-இல் டெட் தேர்ச்சி பெற்றுப் பணி நியமனத்துக்குக் காத்திருந்தவர்களின் சான்றிதழ், அன்றைய ஏழாண்டு விதிப்படி 2020-இல் காலாவதி ஆக இருந்தது. அது ஆயுள் முழுதும் செல்லும் என்ற அறிவிப்பு 2021 ஜூனில்தான் வந்தது. அதற்குள் ஓய்வு வயதை முதலில் 59, பிறகு 60 என்று உயர்த்திவிட்டார்கள். காலியாக வேண்டிய இடங்களும் தள்ளிப்போயின. தனியார் பள்ளியில் இட ஒதுக்கீடு இல்லை. அரசுப் பள்ளியில் அன்று நியமனம் இருக்கவில்லை. பெட்டிக்குள் பி.எட். சான்றிதழை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வயதைத் தொடும் நம் அண்ணன்களிடம் “பாசிட்டிவாக யோசியுங்கள்” என்று எந்த வாயால் சொல்வது?

சம்பளம் வந்தவருக்கு என்ன குறை?

இந்தக் கேள்வி நமக்குள்ளேயே இருக்கிறது. “அரசு வாத்தியாருங்க வீட்ல உக்காந்து முழுச் சம்பளம் வாங்கினாங்க” என்று காலனிப் பெற்றோர்கள் எங்களிடமே சொன்னார்கள். அந்தக் கோபத்தை நாங்கள் தவறு என்று சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த ஆய்வு, 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏறத்தாழ 1,400 ஏழைக் குழந்தைகளைச் சந்தித்தது. கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. அதிலும் தலித், பழங்குடிக் குழந்தைகளில் 4 விழுக்காடு, மற்றவர்களில் 15. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லாமல் போனது என்பதுதான் இதன் பொருள். ஒருமுறைகூடக் காலனிப் பக்கம் எட்டிப் பார்க்காத, ஒரு போன்கூடப் பண்ணாத ஆசிரியர்களும் இருந்தார்கள். தீட்டுக்குப் புது முகக்கவசம் மாட்டி, ‘சமூக இடைவெளி’ என்று பெயர் வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக நாங்கள் வாதாட வரவில்லை.

ஆனால் எட்டிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர், நம் ஆள்தான், பத்து கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் வகுப்பு எடுத்தார். 2021 தொடக்கத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரவில்லை. தேடிப் போனால் கல்யாணம் முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு பையன்கள் செங்கல் சூளையில். “அவ கிளாஸ்ல முதல் பெஞ்ச் சார். நான் ஒரு வாரம் முன்னாடி போயிருந்தா நிறுத்தியிருப்பேன். மாசம் பொறந்தா எனக்குச் சம்பளம் வருது. அந்த எஸ்.எம்.எஸ். வர்ற அன்னைக்குத்தான் என்னால சாப்பிட முடியல” என்றார். சொல்லும்போது நாற்பத்திரண்டு வயது மனிதர் குலுங்கி அழுதார்.

அவர் சோம்பலால் அழவில்லை. ஓர் அரசும் ஒரு சமூகமும் சேர்ந்து செய்த தவற்றைத் தன் தனிப்பட்ட தவறாக எடுத்துக்கொண்டு அழுதார். செல்போன் கொடுக்காதது அவரா? குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வேண்டிய அலுவலர் அவரா? இல்லை. ஆனால் அந்தத் தெருவில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே அரசு அவர்தான். எனவே எல்லாக் குற்றமும் அவர் மேல் வந்து உட்கார்ந்தது. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்லைன் வகுப்பில் குழந்தைகளோடு உணர்வுரீதியாக ஒட்டவே முடியவில்லை என்று 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் சொன்னார்கள். கருப்புத் திரையைப் பார்த்து மாதக்கணக்கில் பேசுவது எந்த மனிதரையும் உலர்த்திவிடும். கடமை உணர்ச்சி உள்ளவரை அது முதலில் உலர்த்தும்.

பெற்றோரின் கோபமும் ஆசிரியரின் குற்ற உணர்வும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி வேடிக்கை பார்ப்பது யாருக்கு லாபம் என்று யோசியுங்கள் தோழர்களே.

எண்ணப்படாத சாவுகள்

நோய் பயம் தனி. பல மாநிலங்களில் ஆசிரியர்களைக் காய்ச்சல் கணக்கெடுப்புக்கும் தனிமை மையங்களுக்கும் தேர்தல் பணிக்கும் அனுப்பினார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2021 ஏப்ரல் உள்ளாட்சித் தேர்தல் பணியால் தொற்றி 1,621 ஆசிரியர்களும் ஊழியர்களும் இறந்தார்கள் என்று ஆசிரியர் சங்கம் பெயர்ப்பட்டியல் கொடுத்தது. அரசு மூன்று பேர் என்றது. பணிக்குக் கிளம்பி வீடு திரும்புவதற்குள் இறந்தால்தான் பணிக்காலச் சாவு என்பது அன்றைய விதி. கொரோனா அந்த விதியைப் படித்துவிட்டா வந்தது? நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகே விதியை மாற்றினார்கள். உடன் வேலை செய்தவர் செத்தது கணக்கிலேயே இல்லை என்று அறிந்த ஆசிரியர், அடுத்த பணி உத்தரவை எந்த மனநிலையில் கையில் வாங்குவார்?

இந்த இடத்தில் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சாவித்திரிபாய் பூலேவை நாம் கொண்டாடுகிறோம். 1848-இல் புனேயில் பள்ளி தொடங்கியவர். சாணியையும் கல்லையும் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தியவர். 1897-இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது, முந்த்வா மகர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவனைத் தூக்கிக்கொண்டு மகன் யஷ்வந்தின் மருத்துவ முகாமுக்கு ஓடினார். அவருக்கும் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். கொள்ளை நோய்க் காலத்தில் ஓர் ஆசிரியர் என்ன ஆனார் என்பதற்கு நம் வரலாற்றில் இருக்கும் மிகப் பெரிய சான்று அது.

ஆனால் அந்தச் சாவை ஆசிரியர்களுக்கான அளவுகோலாக்கும் உரிமை நமக்கு இல்லை. அன்று ஒடுக்கப்பட்டவர் குழந்தையைத் தூக்க வேறு ஆள் வரவில்லை, ஆகவே அவர் தூக்கினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகும் வேறு ஆள் வரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியது அரசு. நம் கூட்டங்களிலோ “அண்ணல் எவ்வளவு தாங்கினார், இதுக்கே உடைஞ்சு போறியா?” என்று கேட்கிறோம். தூக்கம் வரவில்லை என்று சொல்லும் தோழரை ‘வீக்’ என்கிறோம். மனநல மருத்துவரிடம் போனால் மறைக்கிறோம். காலனி டீச்சர் அழக் கூடாது, அவர் தெருவுக்கே விளக்கு என்று அவர் தலையில் நாமும் ஒரு சுமையை ஏற்றியிருக்கிறோம்.

என்ன கேட்க வேண்டும்?

இந்த மாதங்களில் ஆசிரியர்களுக்குக் கிடைத்த மனநல உதவி பெரும்பாலும் இணையவழிக் கருத்தரங்கு. கண்ணை மூடுங்கள், மூச்சை இழுங்கள், நன்றி உணர்வோடு நாளைத் தொடங்குங்கள். மூச்சுப் பயிற்சி கெட்டதல்ல. செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் சம்பளம் வராதவரிடம் நன்றி உணர்வு கேட்பது கொடுமை.

அதேசமயம், சம்பளம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு, குணமும் உண்டு. நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. இது கொரோனாவுக்கு முந்தைய கணக்கு. எனவே கூலியும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். எங்கள் கோரிக்கைகள் இவை:

1. தனியார் பள்ளிகள் 2020-21, 2021-22 கல்வியாண்டுகளுக்கான சம்பளத்தை வங்கி வழியே கொடுத்ததற்கான சான்றைக் காட்டினால்தான் அங்கீகாரம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

2. பகுதிநேர ஆசிரியர்களுக்கு மே மாத ஊதியமும் காலமுறை ஊதியமும் வேண்டும். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பகுதியில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யை நாம் வரவேற்றோம். நம் பெண்கள் பலர் அதில் தன்னார்வலர்களாக இருந்தார்கள். ஆனால் அதில் கொடுத்த மாதம் 1,000 ரூபாய் போன்ற ஊக்கத்தொகை, நிரந்தர ஆசிரியர் நியமனத்துக்கு மாற்றாகிவிடக் கூடாது.

3. கொரோனாவில் இறந்த ஆசிரியர்களை, தனியார் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எதையும் விடாமல், சமூகப் பிரிவுவாரியாக எண்ணி வெளியிட வேண்டும்.

4. ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஆசிரியர்களுக்கு உளவியல் ஆலோசகர் வேண்டும். அவர் கல்வி அலுவலருக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது. தலைமையாசிரியரின் சாதிப் பேச்சைப் பற்றி, அவருக்கே தகவல் போகும் ஒருவரிடம் எந்த ஆசிரியர் வாய் திறப்பார்? சாதி என்ன செய்யும் என்று அறிந்தவர்களையே அந்த வேலைக்கு எடுக்க வேண்டும்.

5. அடுத்த ஆறு மாதம் எமிஸ் பதிவேற்றம், புள்ளிவிவரப் படிவம் போன்ற சுமைகளைக் குறைத்து, பிள்ளைகளோடு உட்கார நேரம் கொடுக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. உங்களில் பலரைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விட்டது ஏதோ ஒரு டீச்சர், ஏதோ ஒரு சார். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். “பசங்க எப்படி இருக்காங்க?” என்று அவர் கேட்பார், அது அவர் பழக்கம். நீங்கள் “நீங்க எப்படி இருக்கீங்க டீச்சர்? தூங்குறீங்களா?” என்று கேளுங்கள். புத்திமதி சொல்லாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற பொருளில் ஏதாவது சொன்னால் அன்றே கூட இருந்து, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 104-க்கு அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும்.

ஏரி வேலைக்குப் போன அக்கா இப்போது மருத்துவரைப் பார்க்கிறார். மாத்திரை எடுத்துக்கொள்கிறார், தூங்குகிறார். பள்ளி திறந்ததும் பழைய பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள், அதே 6,500 ரூபாய்க்கு. பழைய பாக்கியைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த முறை அவர் தனியாகப் போகவில்லை. சம்பளம் வராத இன்னும் நான்கு ஆசிரியைகளைச் சேர்த்துக்கொண்டு, பாக்கிக் கணக்கை மாதவாரியாக ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நாங்களும் வெளியே நிற்கிறோம்.